பழைய இழுவைக் கேரவனை முழுவதும் பிரித்துக் கட்டுவதா, அழுகிய இடத்தை மட்டும் மாற்றுவதா?

தோப்புக்காரர், போச்சம்பள்ளி

அனைவருக்கும் வணக்கம். பர்கூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு கருங்கல் குவாரியில் மேற்பார்வையாளர் தங்குவதற்காக வைத்திருந்த பழைய இழுவைக் கேரவன் ஒன்றை விலைக்கு வாங்கி, எங்கள் மாந்தோப்பில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். உடற்பகுதி ஏறத்தாழ 14 அடி நீளமும் ஆறரை அடி அகலமும் இருக்கிறது. ஒற்றை ஆக்சில், பிளேட் ஸ்பிரிங், கைப்பிரேக் உண்டு. வெளிப்புறம் அலுமினியத் தகடு. உட்புறம் மரச்சட்டத்தின் மேல் மெல்லிய பிளைவுட். தயாரிப்பாளரின் பெயர்த்தகடு எங்கும் இல்லை. முன்னும் பின்னும் கூரை வளைந்து இறங்கும் பழைய வடிவமாதலால் ஐம்பது ஆண்டுகளுக்குக் குறையாது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

பின்பக்க ஜன்னலுக்குக் கீழே உட்சுவர் உப்பிக்கொண்டு நிற்கிறது. கதவருகில் காலை வைத்தால் தரை அமுங்குகிறது. கூரையின் மேல் யார் யாரோ காலந்தோறும் தாரும் எம்சீலும் சிலிக்கானும் மாறி மாறிப் பூசியிருக்கிறார்கள். அப்படியும் கோடை மழைக்கு ஒழுகுகிறது. சேசிஸில் துரு இருந்தாலும் சுத்தியால் தட்டினால் கணீரென்றே ஒலிக்கிறது. உள்ளே இரண்டு கட்டில் பலகைகள், ஓர் அலமாரி, ஒரு சிறு சமையல் மேடை ஆகியவை பழைய வேலைப்பாட்டுடன் நன்றாகவே இருக்கின்றன. அவற்றை இழக்க மனமில்லை.

மாங்காய்ப் பருவத்தில் இரவுக் காவலுக்கும் குடும்பத்தார் வந்தால் தங்குவதற்கும் இது வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ தேன்கனிக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் இன்னொரு நிலத்திற்கு இழுத்துச் செல்லவும் விருப்பம். உள்ளே இருப்பதை எல்லாம் ஒரேயடியாகப் பிரித்து எறிந்துவிட்டு எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குவதா, அல்லது அழுகிய பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்துப் புது மரம் சேர்ப்பதா? மரச்சட்டத்தையே விட்டுவிட்டு இரும்புச் சதுரக் குழாயில் கட்டச் சொல்லும் நண்பர்களும் இருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கூண்டுப்பட்டறை

வணக்கம் ஐயா. நான் கரூரில் பஸ் கூண்டு கட்டும் பட்டறைகளில் வேலை கற்றவன். இப்போது கிருஷ்ணகிரியில் சொந்தமாகச் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் ஒட்டுப்போடும் கட்டத்தை அந்த வண்டி தாண்டிவிட்டது. உட்சுவர் உப்பியிருப்பது கடைசியாகத் தெரியும் அறிகுறி. அதற்குப் பின்னால் இருக்கும் சட்டம் அதற்கு முன்பே மக்கியிருக்கும். ஆனாலும் ஒரேயடியாகப் பிரித்து எறிவது என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள்.

இத்தகைய மரச்சட்டக் கேரவன்களை உள்ளிருந்து வெளியே வரும் முறையில் கட்டியிருப்பார்கள். முதலில் தரை, பிறகு உட்பலகை, அதன்மேல் சட்டம், சட்டத்தின் இடைவெளியில் வயரும் பஞ்சும், எல்லாவற்றுக்கும் கடைசியாக வெளித்தகடு. சுவரின் கனம் ஓர் அங்குலத்தைச் சிறிதே தாண்டும். அவ்வளவு மெலிந்த சுவர் தானாக நிமிர்ந்து நிற்காது. அலமாரியும் கட்டிலும் குறுக்குத் தடுப்பும்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றை ஒரே நாளில் கழற்றி வெளியே போட்டால் பக்கச் சுவர் அங்குலக் கணக்கில் வெளியே சாயும், கூரையின் நடு இறங்கும், அதன்பின் பழைய கதவு எந்தக் காலத்திலும் சட்டத்தில் பொருந்தாது. ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சேசிஸின் நான்கு மூலைக்கும் ஜாக்கியோ மரக்கட்டையோ கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சுவருக்குச் சுவர் குறுக்காகவும் மூலைக்கு மூலை சாய்வாகவும் ரீப்பர் அடித்து முட்டு கொடுங்கள். கதவுத் திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து கதவுச் சட்டத்தின் மேலேயே எழுதி வையுங்கள். வேலை நடக்கும்போது அந்த இரண்டு அளவும் மாறாமல் இருக்கும் வரை கூண்டு முறுக்கிக்கொள்ளவில்லை என்று நம்பலாம்.

தகடு கழற்றுவது வெளிப்பக்கத்திலிருந்து. முதலில் விளக்குகள், ஜன்னல்கள், அடுத்து மூலைகளில் ஓடும் பட்டி, அதன்பின் கூரை, பிறகு முன், பின் தகடுகள் மேலிருந்து கீழாக, கடைசியில் பக்கங்கள். தண்ணீர் வழிந்தோடுவதற்காகக் கீழ்த்தகட்டின் மேல் மேல்தகடு படியும்படி வைத்திருப்பார்கள், ஆகையால் வரிசையை மாற்றினால் தகடு மடங்கிவிடும். கழற்றிய தகடு ஒவ்வொன்றையும் சுருட்டாமல் தட்டையாக வைத்து, உட்பக்கத்தில் எந்த இடம், எது மேல்பக்கம் என்று எழுதுங்கள். ஒரு தகடு கிழிந்திருந்தாலும் அதைக் குப்பையில் போடாதீர்கள், புதியதை வெட்ட அதுதான் அளவு. அழுகிய மரத்துக்கும் இது பொருந்தும். பாதி உதிர்ந்த வளைவுத் துண்டைக்கூடப் புது மரம் வெட்டி முடிக்கும் வரை பத்திரப்படுத்த வேண்டும்.

பிரிக்கும்போது உங்கள் கண் மரத்தின் மேல் இருப்பதைவிடக் கறையின் மேல் இருக்கட்டும். கறுத்த கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். கூரை மூலைப்பட்டி, ஜன்னலின் மேல்விளிம்பு, பக்க விளக்கின் திருகுத்துளை, கூரைக் காற்றுப்போக்கி என இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் தண்ணீர் நுழையும் வாய் இருக்கும். நுழைந்த இடம் ஒன்று, அழுகிய இடம் வேறொன்று. பின் ஜன்னலுக்குக் கீழே மக்கியதற்குக் கூரைப்பட்டியே காரணமாக இருக்கலாம். அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் புது மரம் வைத்தால் நான்கைந்து மழைக்காலத்தில் புது மரமும் அதே கதிக்கு வரும்.

ஓர் எச்சரிக்கை. சமையல் மேடைக்குப் பின்னால் சாம்பல் நிறச் சிமெண்டு அட்டை போல ஏதேனும் இருந்தால் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம்; அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழைய தரை ஒட்டுவில்லைகளிலும் பிரேக் கட்டைகளிலும் கல்நார் உண்டு. அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் துண்டாகக் கழற்றி, கனத்த பிளாஸ்டிக்கில் சுற்றிவிட வேண்டும். பிரேக் டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றடித்துத் தூசு ஊதும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அதை இங்கே செய்ய வேண்டாம்.

இரும்புக் குழாயைப் பற்றி என் கருத்து: தாராளமாகச் செய்யலாம். பஸ் கூண்டு முழுவதும் இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடுதான். இரண்டும் நேரடியாக உரசாதபடி இடையில் பிரைமரும் டேப்பும் கொடுத்துவிட்டால் போதும். கரையான் பயமே இல்லை.

தச்சுவேலை, காவேரிப்பட்டணம்

மேலே எழுதிய நண்பர் பிரிக்கும் முறையைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. இரும்புக் குழாய் விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன்.

பஸ்ஸுக்கு இரும்பு பொருந்துகிறது என்றால், அதை இழுக்கும் எஞ்சினும் தாங்கும் சேசிஸும் அதற்கேற்ப அமைந்திருக்கின்றன. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் கனத்தில், மீட்டருக்கு ஏறத்தாழ 1.15 கிலோ வரும். இரண்டு அங்குலத்துக்கு ஓரங்குலம் கனமுள்ள பைன் ரீப்பர் மீட்டருக்கு அறுநூறு, எழுநூறு கிராம்தான். கூண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் அந்தப் பழைய ஆக்சிலின் மேல் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். எடையைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வெப்பம். மே மாத வெயிலில் வெளித்தகடு தொட முடியாதபடி கொதிக்கும். இரும்புச் சட்டம் அந்தச் சூட்டை நேராக உட்சுவருக்குக் கடத்தும். தேன்கனிக்கோட்டையின் மார்கழிக் குளிரில் இதே இரும்பு உட்பக்கம் வியர்த்து, அந்த ஈரம் பலகைக்குள் இறங்கும். மரம் இரண்டையும் தடுக்கிறது. வளைந்த முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பழைய துண்டை அச்சாக வைத்துப் பிளைவுட்டில் அறுத்துவிடலாம். குழாயில் அந்த வளைவைக் கொண்டுவருவது எளிதன்று.

எந்த மரம் என்று கேட்பீர்கள். தேக்கு கிடைத்தால் நல்லது, ஆனால் விலை கடிக்கும். சுவருக்கும் கூரைக்கும் கணு குறைந்த, நன்றாக உலர்ந்த பைன் போதுமானது. தரையை ஒட்டி ஓடும் அடிச்சட்டத்துக்கு மட்டும் தேக்கோ வேங்கையோ போடுங்கள், ஏனென்றால் எங்கே ஒழுகினாலும் தண்ணீர் கடைசியில் வந்து தங்குவது அங்கேதான். தரைக்கு இந்தியத் தரக்குறியான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். கடைக்காரர் ஐ.எஸ். 303 முத்திரையுள்ளதையும் தண்ணீர் தாங்கும் என்றே சொல்லுவார். அலமாரிக்கு அது போதும், தரைக்குப் போதாது. எட்டுக்கு நாலு பலகை 18 மில்லிமீட்டரில் 35 கிலோவைத் தொட்டுவிடும் என்பதால், தரைக்கு 12 மில்லிமீட்டரும் அடியில் நெருக்கமான குறுக்குச் சட்டமும் வைப்பதே என் வழக்கம். உட்சுவருக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டவே வேண்டாம். பலகையின் வெட்டுவிளிம்புகள்தான் தண்ணீர் குடிக்கும் வாய். அவற்றுக்கு எப்பாக்ஸி இரண்டு கை பூசிய பிறகே பொருத்த வேண்டும்.

கரையானுக்கு மருந்தடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பச்சை நிறமேற்றிய, செம்பு உப்பு கலந்த மரக்காப்பு மருந்து நல்ல மருந்துதான், ஆனால் அதில் ஊறிய மரத்தின் மேல் அலுமினியத் தகட்டை அறைந்தால் ஈரம் படும்போது செம்பு தகட்டை அரித்து ஊசித்துளை போடும். போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்துப் பூசுவது இங்கே பொருந்தும். அது தண்ணீரில் கரைந்து போகக்கூடியது, ஆகவே உலர்ந்தபின் மேலே பிரைமர் அடித்து மூடிவிடுங்கள்.

இன்னொரு செய்தி. எந்த வேலையைத் தொடங்குவதற்கும் முன் வண்டிக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை போட்டுவிடுங்கள். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மக்கவைக்கும் பூஞ்சை வளராது. கொட்டகை நிழலில் ஒரு கோடை நின்றால் பாதிச் சட்டம் தானாக உலர்ந்து, எது உண்மையில் மக்கியது, எது வெறும் நனைந்தது என்று திருப்புளியால் குத்திப் பார்த்தே பிரித்தறியலாம். கொட்டகைச் செலவை வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. வேலை முடிந்த பிறகும் அது வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு நிற்கும் என்பதால் நான் அப்படி நினைப்பதில்லை. மாமரத்தின் அடியிலேயே நிறுத்திவிடலாம் என்று எண்ணாதீர்கள். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி சொரியும் தேன்போன்ற நீர் கூரை முழுவதும் ஒட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, ஜன்னல் ரப்பர் வரை நாசமாகும். அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோப்புக்காரர், போச்சம்பள்ளி

இருவருக்கும் மிக்க நன்றி. முட்டு கொடுத்துவிட்டு, பின்பக்கத் தகடுகளை மட்டும் மேலிருந்து கீழாகக் கழற்றிப் பார்த்தேன். அடிச்சட்டம் மூலையிலிருந்து மூலை வரை கையால் பிசைந்தால் உதிர்கிறது. ஆனால் ஜன்னலுக்கு மேலே உள்ள மரம் கெட்டியாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கிறது. கறை இடப்பக்க மூலைப்பட்டியிலிருந்து இறங்கியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே ஒரு பக்கமாகப் பிரித்து, அந்தப் பக்கத்தைக் கட்டி முடித்த பிறகு அடுத்த பக்கம் செல்வது என்று முடிவு செய்திருக்கிறேன். கொட்டகைக்கும் சொல்லியாகிவிட்டது.

மேலும் மூன்று ஐயங்கள். பழைய சிலிக்கானையும் தாரையும் எடுத்த பிறகு எதை வைத்து அடைப்பது? சுவருக்குள் தெர்மோகோல் வைத்தால் போதுமா? சுவர் திறந்திருக்கும்போதே வயரிங் செய்துவிட வேண்டும் என்பதால், எந்த அளவு வயர் இழுப்பது என்றும் சொல்லுங்கள். தோப்பில் இருப்பது பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பு மட்டுமே.

கூண்டுப்பட்டறை

தச்சர் ஐயா சொன்ன வெப்பக் கணக்கை ஏற்கிறேன். சுவரும் கூரையும் மரத்திலேயே இருக்கட்டும். தரைக்கு அடியில் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள் துருவேறி மெலிந்திருந்தால் அவற்றை மட்டும் இரும்பில் புதிதாக வெல்டு செய்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்துக்கொள்ளுங்கள்.

அடைப்பைப் பற்றிச் சொல்கிறேன். அலுமினியம் சூட்டில் நன்றாக நீளும் உலோகம். நான்கு மீட்டர் நீளமுள்ள கூரைத் தகடு, விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் கொதிப்புக்கும் இடையில் 40 பாகை மாறினால், மூன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் நீண்டு சுருங்குகிறது. எம்சீல் கல்லாக இறுகிவிடுவதால் அந்த அசைவில் விரிசல் விடும். தாரும் வெயிலில் காய்ந்து வெடிக்கும். சிலிக்கான் வளைந்து கொடுக்கும் என்றாலும் அது விட்டுச்செல்லும் படலத்தின் மேல் வேறெந்தப் பசையும் பெயிண்டும் ஒட்டாது, பழைய சிலிக்கானின் மேல் புதுச் சிலிக்கானே சரியாகப் பிடிக்காது. எனவே பட்டிகளுக்கும் ஜன்னல் விளிம்புகளுக்கும் அடியில் பியூட்டைல் டேப் வையுங்கள். அது எப்போதும் இறுகாமல் களிபோலவே இருந்து, திருகை முடுக்கியதும் பிதுங்கி ஒவ்வொரு சந்தையும் நிரப்பும். பிதுங்கியதைச் சில வாரம் கழித்து மரச்சீவலால் வழித்துவிட்டு, விளிம்பில் மட்டும் பாலியூரித்தேன் பசையை மெல்லிய கோடாக இழுக்கலாம்.

பழையதை எடுக்கப் பொறுமைதான் கருவி. கம்பித் தூரிகையையோ கிரைண்டரையோ தகட்டின் மேல் வைக்காதீர்கள். தாரை மண்ணெண்ணெயில் ஊறிய துணி போட்டு இளக்கலாம், வெயில் ஏறுவதற்கு முன், பீடி சிகரெட் பிடிப்பவர்கள் அருகில் இல்லாதபோது. சிலிக்கானைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, மிச்சத்தை அதற்கான நீக்கியால் துடைத்து, கடைசியில் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். அந்த இடத்தில் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவி நின்றால்தான் சுத்தம் என்று பொருள்.

திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். நாகமுலாம் திருகு விலை குறைவு என்று வாங்கினால் முலாம் தேய்ந்ததும் அலுமினியத்தோடு சேர்ந்து அரிப்புத் தொடங்கும். பாப் ரிவெட் போட வேண்டிய இடங்களில் நடுவே துளையில்லாத, முனை மூடிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரிவெட்டின் நடுத்துளை வழியாகவே தண்ணீர் உள்ளே போகும். ஜன்னல் ரப்பர் கிடைக்கவில்லை என்று அலைய வேண்டாம். பழைய ரப்பரில் ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு கரூரிலோ நாமக்கல்லிலோ கூண்டு கட்டும் பட்டறைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் கடைகளில் காட்டினால், அதே குறுக்குவெட்டு உள்ளதைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடி உடைந்திருந்தால் டஃபண்டு கண்ணாடியாக மாற்றுங்கள், சாதாரண வீட்டுக் கண்ணாடி வண்டிக்கு ஆகாது.

மின்பணி, ஓசூர்

வயரிங்கும் தெர்மோகோலும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். தெர்மோகோல் வெப்பத்தைத் தடுக்கும், விலையும் மலிவு; ஆனால் பி.வி.சி. உறையிட்ட வயர் அதன்மேல் நேரடியாகப் படிந்து கிடந்தால், உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்ல மெல்லத் தெர்மோகோலுக்குள் இறங்கிவிடும். தெர்மோகோல் உருகினாற்போல் குழிந்து வயரோடு ஒட்டிக்கொள்ளும், வயரின் உறையோ விறைத்து வெடிக்கும். சுவரை மூடிய பிறகு அது வெளியே தெரியாது. ஆகவே வயர் முழுவதையும் கண்டியூட் குழாய்க்குள் இழுங்கள். பின்னாளில் வயரை மாற்ற வேண்டி வந்தாலும் தகட்டைக் கழற்றாமல் உருவிக்கொள்ளலாம். கண்ணாடிப் பஞ்சை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒருமுறை நனைந்தால் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மரத்தை மீண்டும் அழுக வைக்கும்.

பம்புசெட்டு இலவச இணைப்பை வேறு பயன்பாட்டுக்குத் திருப்புவது விதிமீறல். அந்த வழியே வேண்டாம். சூரியத் தகடும் 12 வோல்ட் மின்கலமும் உங்களுக்குத் தாராளமாகப் போதும். 28 வாட் மட்டுமே எடுக்கும், மின்சாரம் மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 280 வாட் மணி. விளக்குகள் 20 வாட் வீதம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 100. ஓர் இரவுக்கு 380 வாட் மணி ஆகிறது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் 1280 வாட் மணி இருக்கிறது. இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தாலும் வெயிலே இல்லாத இரண்டு இரவுகளைத் தாண்டிவிடலாம். 12 வோல்ட்டிலேயே ஓடும் விசிறி வாங்கினால் அந்த வீணும் இல்லை. மின்கலத்தைத் தகட்டை ஒட்டி வைக்காமல், கட்டிலுக்கு அடியில் காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். வெப்பம் 45 பாகையைத் தாண்டும் இடத்தில் அதை மின்னேற்றினால் அதன் ஆயுள் குறையும்.

வயரின் அளவில் வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது. 12 வோல்ட்டில் பத்து ஆம்பியர் மின்னோட்டம் ஐந்து மீட்டர் தொலைவு போய்த் திரும்பினால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் முக்கால் வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். அதாவது ஆறு விழுக்காடு. 6 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் 0.3 வோல்ட்டோடு நிற்கும். விளக்குக்கு 1.5 போதும், குளிர்பெட்டி போன்றவற்றுக்கு மட்டும் 6 இழுத்துக்கொள்ளுங்கள். மின்கலத்தின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதல் ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் காப்பது வயரை; சாதனத்தைக் காப்பதற்குத் தனி ஃபியூஸ் வேண்டும். தேன்கனிக்கோட்டை நிலத்தில் 230 வோல்ட் இணைப்புக் கொடுப்பதாக இருந்தால், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும், சேசிஸையும் வெளித்தகட்டையும் சேர்த்துக் கட்டிய எர்த் வயரும் கட்டாயம். உலோகப் பெட்டிக்குள் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

சமையல் வாயு வைப்பீர்கள் என்றால், வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே உருளையைக் கேரவனுக்கு உள்ளே வைக்காமல், முன்வண்டியோடு மாட்டுவதற்காகக் கேரவனின் முன்னால் நீளும் இழுகொம்பின் மேல் தனிப்பெட்டி அமைத்து அதன் அடித்தளத்தில் துளை விடுங்கள். உள்ளேயும் அடுப்புக்குக் கீழே தரையில் வலையிட்ட ஒரு துளை இருக்கட்டும். 5 கிலோ உருளை இதற்குப் போதும். ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

வண்டிக் காகிதம்

ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கத்துக்குள் இழுவை வண்டியும் அடங்கும். எஞ்சின் இல்லாததால் பதிவு வேண்டாம் என்பது பலரும் செய்துகொள்ளும் தவறான முடிவு. பொதுச்சாலையில் இழுத்துச் செல்ல 39ஆம் பிரிவின்படி பதிவு தேவை. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாகக் கட்டமைப்பை மாற்றினால் 52ஆம் பிரிவும் குறுக்கே வரும். அந்தக் கேரவனுக்குப் பழைய காகிதம் ஏதும் இருக்கிறதா, சேசிஸ் எண் எங்கேனும் குத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இழுகொம்பின் வலப்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தால் கிடைக்கலாம். பிரைமர் அடிப்பதற்கு முன் அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு, அதன்பிறகு தேன்கனிக்கோட்டைத் திட்டத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள். தோப்பை விட்டு வெளியே போகவே போகாது என்றால் இந்தத் தலைவலி இல்லை.

கூண்டுப்பட்டறை

காகிதம் சரியாக அமைந்து சாலையில் இறக்குவதாக இருந்தால், கூண்டுக்குப் பூசும் பெயிண்டைவிட ஆக்சிலுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். டயரின் பக்கத்தில் குத்தியிருக்கும் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். மூன்று எண்கள் மட்டும் இருந்தால் 2000க்கு முந்தையது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய டயரை ஏற்காதீர்கள், நின்றே கிழடாகியிருக்கும். ஹப்பைத் திறந்து பேரிங் எண்ணைக் குறித்துக்கொண்டால் ஓசூரிலேயே புதியது கிடைத்துவிடும். பிளேட் ஸ்பிரிங்கில் விரிசல் உள்ளதா என்று ஒவ்வொரு பிளேட்டையும் பிரித்துப் பாருங்கள்.

முன்வண்டியின் கொக்கி உருண்டையின் மேல் கவிழ்ந்து பூட்டும் இழுகொம்பின் கிண்ணத்தையும் அளந்து பாருங்கள். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் உருண்டை வழக்கம், அமெரிக்காவில் இரண்டு அங்குலம், அதாவது 50.8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் மாற்றிப் போடக் கூடாது; இரண்டு அங்குலக் கிண்ணத்தில் சிறிய உருண்டை ஆடும், அதுவே மேடுபள்ளத்தில் கழன்றுகொள்ளவும் வழியாகும். கூடவே போல்ட்டுகளின் மரையையும் பாருங்கள். மில்லிமீட்டர் மரையா அங்குல மரையா என்று தெரிந்தால் வண்டி எந்த ஊர்க்காரன் என்பதும் ஓரளவுக்குப் புலப்படும். உங்களுடையதில் இழுகொம்பு முன்னும் பின்னும் நகர்ந்து ஒரு கம்பியைத் தள்ளும் அமைப்பு இருந்தால் அது தானியங்கிப் பிரேக். முன்வண்டி வேகத்தைக் குறைக்கும்போது கேரவன் முட்டுகிற விசையாலேயே அதன் பிரேக் பிடிக்கும். அதைக் கழற்றிவிட்டு வெறும் கொக்கி வெல்டு செய்யச் சொல்பவர்கள் இங்கே ஏராளம். தொப்பூர்க் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக் இல்லாத கேரவன் முன்வண்டியைத் தள்ளிக்கொண்டே போகும்.

அலமாரியையும் தண்ணீர்த் தொட்டியையும் திரும்ப உள்ளே வைக்கும்போது, மொத்தச் சுமையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு ஆக்சிலுக்கு முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கனத்தால் வேகம் கூடியதும் வால் ஆடத் தொடங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் அடங்காது. எல்லாம் ஏற்றி முடித்தபின் எடைமேடையில் முதலில் முழு வண்டியையும் நிறுத்தி ஓர் அளவு எடுங்கள். பிறகு சக்கரங்கள் மேடையில் இருக்க, இழுகொம்பு மட்டும் மேடைக்கு வெளியே ஜாக்கியின் மேல் நிற்கும்படி வைத்து இன்னோர் அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் கொம்பின் எடை. அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வந்தால் நல்லது; உங்கள் இழுவண்டியின் கையேட்டில் அதற்கான உச்சவரம்பு போட்டிருக்கும், அதைத் தாண்டாமல் தொட்டியின் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். ஆகவே எடை பார்த்து முடிக்கும் வரை தொட்டியைத் தரையோடு நிரந்தரமாகத் திருகிவிடாதீர்கள்.